வாயு மூலக்கூறுகளில் ஃபெம்டோவினாடி லேசர்: நேரியல்சாரா ராமன் சிதறல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயற்பியல் முதுகலை மாணவர்களும், லேசர் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சமன்பாடுகளைத் தவிர்த்திருக்கிறேன், எண்களைத் தவிர்க்கவில்லை. இந்தத் துறையில் எண்களே முக்கால்வாசி விஷயத்தைச் சொல்லிவிடும்.

ராமன் விளைவு பள்ளியிலேயே படித்ததுதான். ‘நேரியல்சாரா’ என்பது எங்கிருந்து வந்தது?

1928-இல் கல்கத்தாவில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்டது இதுதான்: மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு, மூலக்கூறின் அதிர்வுக்கோ சுழற்சிக்கோ கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வெளியே வருகிறது. ஆற்றலை இழந்து சிவப்புப் பக்கம் நகர்ந்தால் ஸ்டோக்ஸ் கோடு. ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறிடமிருந்து ஆற்றலைப் பெற்று நீலப் பக்கம் நகர்ந்தால் எதிர்-ஸ்டோக்ஸ் கோடு. அவர்களிடம் இருந்தவை சூரிய ஒளியும் பாதரச விளக்கும்தான். அந்த ஒளியில் ஒவ்வொரு மூலக்கூறும் தன் போக்கில் சிதறடிக்கும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒத்திசைவு கிடையாது. ஒளியை இரண்டு மடங்காக்கினால் சிதறலும் இரண்டு மடங்காகும். இது நேரியல் ராமன் சிதறல்.

லேசர் போன்ற வலுவான ஒளியில் கதை மாறுகிறது. உள்ளே வரும் ஒளியும், அதிலிருந்து பிறந்த ஸ்டோக்ஸ் ஒளியும் ஒரே இடத்தில் சேரும்போது, இரண்டின் அதிர்வெண் வேறுபாட்டில் ஒரு விம்மல் உண்டாகிறது. அந்த வேறுபாடு மூலக்கூறின் இயல்பான அதிர்வெண்ணேதான். ஆகவே விம்மல் மூலக்கூறுகளை ஒரே தாளத்தில் ஆட்டுகிறது. ஒன்றாக ஆடும் மூலக்கூறுகள் இன்னும் அதிக ஸ்டோக்ஸ் ஒளியைத் தருகின்றன, அந்த ஒளி அவற்றை இன்னும் பலமாக ஆட்டுகிறது. இப்படி ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டு போவதால் ஸ்டோக்ஸ் ஒளி தூரத்தோடு அடுக்கேற்றமாகப் பெருகும். இதற்குத் தூண்டப்பட்ட ராமன் சிதறல் என்று பெயர். கோடியில் ஒரு ஃபோட்டான் என்றிருந்த விளைவு, உள்ளே போகும் ஒளியில் பாதியையே நிறம் மாற்றிவிடும் அளவுக்கு வளரலாம்.

இதை முதலில் பார்த்தது யார்?

தேடிக் கண்டுபிடித்ததில்லை. 1962-இல் அமெரிக்காவின் ஹியூஸ் நிறுவனத்தில் வுட்பரி, இங் என்ற இருவரும் ரூபி லேசரில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். லேசரை ஒரே வீச்சாகப் பாயவைக்க, மின்புலத்தால் ஒளியை அடைத்துத் திறக்கும், நைட்ரோபென்சீன் நிரப்பிய கெர் கலம் ஒன்றை உள்ளே வைத்திருந்தார்கள். 694.3 நானோமீட்டரில் வரவேண்டிய ஒளியோடு 767 நானோமீட்டரிலும் வலுவான ஒளி வந்தது. ரூபிக்கு அந்த நிறத்தில் வேலையே இல்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நைட்ரோபென்சீனின் ராமன் அதிர்வோடு பொருந்துகிறது என்பது அதே ஆண்டிலேயே தெளிவானது. அடுத்த ஆண்டு ஃபோர்டு நிறுவன ஆய்வகத்தில் மிங்க், டெர்ஹூன், ராடோ மூவரும் ஹைட்ரஜன், டியூட்டீரியம், மீத்தேன் ஆகிய வாயுக்களில் இதே விளைவைக் காட்டினார்கள். வாயு ராமன் லேசர்களின் கதை அங்கே தொடங்குகிறது.

திரவத்திலும் திண்மத்திலும் மூலக்கூறுகள் நெருக்கமாக இருக்கின்றனவே, ஏன் வாயு?

நெருக்கம் உதவும், ஆனால் அதே நெருக்கம் தாளத்தையும் கெடுக்கும். திரவத்தில் ஒரு மூலக்கூறை ஆட்டிவிட்டால், பக்கத்து மூலக்கூறுகளின் இடியால் சில பிக்கோவினாடிகளில் அதன் தாளம் தப்பிவிடும். ஹைட்ரஜன் வாயுவில், சில வளிமண்டல அழுத்தத்தில், அதே தாளம் ஏறக்குறைய ஒரு நானோவினாடி வரை நிலைக்கும். (நானோவினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு பிக்கோவினாடி, அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு ஃபெம்டோவினாடி.) ஹைட்ரஜனின் ஒரு அதிர்வுக்கு 8 ஃபெம்டோவினாடி. அப்படியானால் தாளம் தப்புவதற்குள் அது லட்சம் தடவைக்கு மேல் ஆடிவிடுகிறது.

வேறு வசதிகளும் உண்டு. வாயுவில் நிறப்பிரிகை மிகக் குறைவு, அதனால் வெவ்வேறு நிறங்கள் ஒன்றையொன்று விட்டு விலகாமல் சேர்ந்தே நெடுந்தூரம் போகும். புறஊதாவிலிருந்து அகச்சிவப்பு வரை ஒளி புகும். லேசர் வலுவில் கண்ணாடி ஒருமுறை வெந்துபோனால் அவ்வளவுதான். வாயு அடுத்த துடிப்புக்குள் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அழுத்தத்தைத் திருகி எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். குறை ஒன்றே ஒன்று: அடர்த்தி குறைவு. அதை ஈடுகட்ட நீளம் வேண்டும், அல்லது அழுத்தம் வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 532 நானோமீட்டர் ஒளிக்கு, பத்து வளிமண்டலத்துக்கு மேல் ஹைட்ரஜனின் பெருக்க எண் கிகாவாட்டுக்குச் சுமார் 2.5 செ.மீ. ஒரு மீட்டர் நீளக் கலத்தில், சதுர செ.மீ.க்கு 100 மெகாவாட் செலுத்தினால் பெருக்க அடுக்கு 25, அதாவது ஒளி e²⁵ மடங்காகும். வெறும் இரைச்சலிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஒளி வளர 25 முதல் 30 வரையிலான அடுக்கு வேண்டும் என்பது இந்தத் துறையில் பழகிய விதி. நானோவினாடி லேசர்களுக்கு இது எளிதில் எட்டும்.

‘அதிகுறுகிய துடிப்பு’ என்றால் எவ்வளவு குறுகியது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். குறுகியது என்பதற்குத் தனியாகப் பொருள் இல்லை. எந்த மூலக்கூறின் எந்த அசைவோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

சில எண்கள். ஹைட்ரஜனின் அதிர்வு 4155 செ.மீ⁻¹ (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை; அதிர்வெண்ணை இப்படிக் குறிப்பது வழக்கம்), காலம் 8 ஃபெம்டோவினாடி. டியூட்டீரியத்துக்கு எடை இரண்டு மடங்கு, ஆகவே மெதுவாக 11 ஃபெம்டோவினாடி. நைட்ரஜனுக்கு 2330 செ.மீ⁻¹, 14 ஃபெம்டோவினாடி. ஆக்சிஜனுக்கு 21. சல்ஃபர் ஹெக்ஸாஃபுளூரைடில் ஆறு ஃபுளூரின் அணுக்களும் ஒன்றாக விரிந்து சுருங்கும் அதிர்வுக்கு 775 செ.மீ⁻¹, காலம் 43 ஃபெம்டோவினாடி. சுழற்சி இன்னும் மெதுவானது. அறை வெப்பநிலையில் ஹைட்ரஜனின் வலுவான சுழற்சிக் கோடு 587 செ.மீ⁻¹, அதாவது 57 ஃபெம்டோவினாடி.

இப்போது துடிப்பின் நீளத்தை இரண்டு காலங்களோடு ஒப்பிட வேண்டும். ஒன்று, தாளம் நிலைக்கும் காலம். இன்னொன்று, ஒரு அதிர்வுக்கான காலம். தாளம் நிலைக்கும் காலத்தைவிடத் துடிப்பு நீளமானால் நிலைத்த நிலை. மேலே போட்ட கணக்கு அப்படியே பொருந்தும். அதைவிடக் குறுகியது, ஆனால் ஒரு அதிர்வைவிட நீளமானது என்றால் நிலைமாறு நிலை. ஒரு அதிர்வையும்விடக் குறுகியதானால் கணத்தாக்கு நிலை. 100 ஃபெம்டோவினாடித் துடிப்பு ஹைட்ரஜன் அதிர்வுக்கு நீண்டது, நைட்ரஜனின் சுழற்சிக்கு வெறும் ஒரு தட்டு. ஒரே துடிப்பு ஒரே வாயுவிலேயே அதிர்வுக்கு நிலைமாறு நிலையிலும், சுழற்சிக்குக் கணத்தாக்கு நிலையிலும் இருக்கலாம். ஆய்வுக்கட்டுரை படிக்கும்போது முதலில் துடிப்பு நீளத்தையும் வாயுவின் பெயரையும் தேடிப் பிடித்து இந்த ஒப்பீட்டைச் செய்துவிட்டால், மீதி எல்லாம் தானாகப் புரிய ஆரம்பிக்கும்.

துடிப்பு குறுகக் குறுக உச்சத் திறன் ஏறுகிறது. அப்படியானால் ராமன் சிதறலும் எளிதாக வேண்டுமே?

எல்லோருக்கும் வரும் நியாயமான சந்தேகம். பதில், இல்லை.

நிலைமாறு நிலையில் மூலக்கூறுகளின் ஒத்த அசைவு முழுமையாக வளர்வதற்குள் துடிப்பு போய்விடுகிறது. அதனால் பெருக்கத்தைத் தீர்மானிப்பது உச்சத் திறன் இல்லை; துடிப்பின் மொத்த ஆற்றல்தான். ஆற்றலை மாற்றாமல் துடிப்பை 10 பிக்கோவினாடியிலிருந்து 100 ஃபெம்டோவினாடிக்குச் சுருக்கினால் ராமன் பெருக்கத்துக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஆனால் போட்டியாளர்களுக்குக் கிடைக்கும். வாயுவின் எலக்ட்ரான்கள் உடனுக்குடன் காட்டும் கெர் விளைவு, அதாவது ஒளியின் வலுவுக்கேற்ப ஒளிவிலகல் எண் மாறுவது, உச்சத் திறனைப் பார்த்தே வேலை செய்கிறது. துடிப்பு தன் கட்டத்தை (அலையின் ஏற்ற இறக்க நிலையை) தானே குலைத்துக்கொள்கிறது, தன்னையே குவித்துக்கொள்கிறது, கடைசியில் வாயுவை அயனியாக்கிவிடுகிறது. ராமன் வளர்வதற்குள் நிறமாலை கலைந்துபோயிருக்கும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, துடிப்பைச் சிர்ப் செய்து நீட்டிவிடுவது: சிவப்பு முன்னாலும் நீலம் பின்னாலும் வருமாறு பரப்பி, உச்சத்தைத் தாழ்த்துவது. இன்னொன்று, நேர் எதிர்த்திசையில் போய் ஒரு அதிர்வுக்குள் அடங்கும் அளவுக்குத் துடிப்பைச் சுருக்குவது.

கணத்தாக்கு நிலையில் என்ன நடக்கிறது?

கோயில் மணியை நினைத்துக்கொள்ளுங்கள். நாக்கு பட்டதும் விலகினால்தான் மணி ஒலிக்கும். பட்ட இடத்திலேயே அழுத்தி நின்றால் ஒலி அடங்கிவிடும். மூலக்கூறுக்கும் அப்படித்தான். மின்புலம் மூலக்கூறின் பிணைப்பை ஒரு பக்கமாக இழுக்கிறது. பிணைப்பு ஒரு சுற்று ஆடி முடிப்பதற்குள் புலம் மறைந்துவிட்டால், மூலக்கூறு ஆடிக்கொண்டே இருக்கும். துடிப்பு சென்ற வழியெங்கும் எல்லா மூலக்கூறுகளும் ஒரே கணத்தில் தட்டப்பட்டதால், எல்லாம் ஒரே தாளத்தில் ஆடும்.

அதிர்வெண் கணக்கில் சொன்னால், குறுகிய துடிப்பின் நிறமாலை அகலமானது. ராமன் சிதறலுக்குத் தேவையான இரண்டு நிறங்களும் அதற்குள்ளேயே இருக்கின்றன. இரைச்சலிலிருந்து ஸ்டோக்ஸ் வளரக் காத்திருக்க வேண்டியதில்லை, ஆகவே தொடக்க வரம்பு என்று ஒன்று இல்லை. துடிப்பு மூலக்கூறுகளுக்கு ஆற்றலைக் கொடுத்தபடியே போவதால் அதன் மொத்த நிறமாலையும் சிவப்புப் பக்கம் சறுக்குகிறது. தனிக் கோடு தோன்றாமல், பட்டை முழுவதும் நகர்வதைத்தான் நிறமாலைமானியில் பார்ப்போம். 1985-இல் எம்.ஐ.டி.யின் கீத் நெல்சன் குழு இந்தக் கணத்தாக்கு ராமன் சிதறலைக் கோட்பாடாக விரித்தது. 1990-களின் பிற்பகுதியில் பெர்லினின் மாக்ஸ் போர்ன் நிறுவனத்தில் கோர்ன், நசர்கின் முதலியோர் வாயுவில் இதை வலுவாகக் காட்டினார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்குப் பிறகு வருவது. முதல் துடிப்பு போய்விட்டது, மூலக்கூறுகள் ஆடிக்கொண்டிருக்கின்றன. ஆடும் மூலக்கூறின் முனைவாகும் திறன் ஏறி இறங்குகிறது, எனவே வாயுவின் ஒளிவிலகல் எண்ணும் அதே தாளத்தில் ஏறி இறங்குகிறது. இப்போது மெல்லிய இரண்டாவது துடிப்பு ஒன்றை அனுப்புங்கள். அது நீளமாக இருந்தால், இரு பக்கமும் ஒழுங்கான இடைவெளியில் கோடுகள் முளைக்கும். ஒரு அதிர்வைவிடக் குறுகியதாக இருந்தால், எந்தக் கணத்தில் உள்ளே நுழைகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம். ஒளிவிலகல் எண் ஏறும் கணத்தில் போனால் சிவப்புக்கு நகரும். இறங்கும் கணத்தில் போனால் நீலத்துக்கு நகரும். உச்சத்திலோ அடியிலோ போனால் இரு பக்கமும் விரியும். சல்ஃபர் ஹெக்ஸாஃபுளூரைடில் இந்தச் சுழற்சி 43 ஃபெம்டோவினாடி. தாமதக் கண்ணாடியை ஏறக்குறைய 3 மைக்ரோமீட்டர் நகர்த்தினால், ஒளி போய்வரும் பாதை இரட்டிப்பாவதால், 20 ஃபெம்டோவினாடி மாறும். அந்தச் சிறு திருகலில் நிறமாலை சிவப்பிலிருந்து நீலத்துக்குச் சாய்வதைத் திரையில் நேரடியாகப் பார்க்கலாம்.

இப்படி விரித்த நிறமாலையைச் சுருக்கினால் அதிகுறுகிய துடிப்பு கிடைக்கும். ஷவோரோன்கோவும் கோர்னும் 2002-இல் இதே வாயுவைப் பயன்படுத்தி 400 நானோமீட்டர் பகுதியில் 4 ஃபெம்டோவினாடிக்கும் குறைவான துடிப்பை உருவாக்கினார்கள்.

ஹைட்ரஜனில் இதையே செய்யலாமா?

அதிர்வை வைத்துச் செய்வது கடினம். 8 ஃபெம்டோவினாடிக்குள் நன்றாக அடங்க, 4 ஃபெம்டோவினாடிக்கும் குறைந்த துடிப்பு வேண்டும். 800 நானோமீட்டரில் ஒரு அலைச் சுழற்சியே 2.7 ஃபெம்டோவினாடி. சுழற்சியை வைத்துச் செய்யலாம், 57 ஃபெம்டோவினாடிக்கு 25 ஃபெம்டோவினாடித் துடிப்பு போதும்.

இரண்டு லேசர்களைச் சேர்த்து ஏராளமான நிறங்கள் வரவைத்தார்கள் என்கிறார்களே, அது என்ன?

ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் ஹாரிஸும் அலெக்ஸி சோகோலோவும் செய்தது. இரைச்சலிலிருந்து ஸ்டோக்ஸ் வளரட்டும் என்று விடாமல், இரண்டு நிறங்களையும் நாமே கொடுத்துவிடுவது அவர்களின் யோசனை. டியூட்டீரியத்தின் அதிர்வு ஏறக்குறைய 2994 செ.மீ⁻¹. 807 நானோமீட்டர், 1064 நானோமீட்டர் என்ற இரண்டு லேசர்களின் வேறுபாடும் அதேதான். ஆனால் சரியாக ஒத்திசைவில் வைக்கவில்லை, வேண்டுமென்றே இம்மியளவு விலக்கி வைத்தார்கள்.

விலக்கியதில்தான் சூட்சுமம். சரியான ஒத்திசைவில் மூலக்கூறுகள் ஆற்றலை உறிஞ்சிப் போய்க்கொண்டே இருக்கும். சற்றே விலகி, வலுவான புலத்தை மெல்ல ஏற்றினால், எல்லா மூலக்கூறுகளும் அடிநிலையும் அதிர்வுநிலையும் கலந்த ஒரே நிலைக்குச் சேர்ந்து நகர்கின்றன. விலகும் பக்கத்தைப் பொறுத்து அவற்றின் அசைவு விம்மலோடு ஒரே கட்டத்திலோ எதிர்க்கட்டத்திலோ அமையும். கலவை அதன் உச்ச அளவை நெருங்கும்போது, ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோடு பிறக்கும் வேகம், வாயுவின் நிறப்பிரிகை அவற்றைக் கட்டம் பிரிக்கும் வேகத்தை முந்திவிடுகிறது. எனவே கட்டப் பொருத்தம் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, எல்லாக் கோடுகளும் கற்றையின் திசையிலேயே ஒன்றாக வரும். 2000-இல் அவர்கள் வெளியிட்ட முடிவில் 2.94 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பிலிருந்து 195 நானோமீட்டர் புறஊதா வரை கோடுகள் வந்தன. ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து ஒரே அளவு தள்ளி நிற்கிறது. இவற்றின் கட்டங்களைச் சீராக்கிச் சேர்த்தால் 11 ஃபெம்டோவினாடிக்கு ஒன்றாக மிகக் குறுகிய ஒளிக்கீற்றுகளின் வரிசை கிடைக்கும். மூலக்கூறே ஒளியை நறுக்கும் கருவியாகிறது.

டோனா ஸ்ட்ரிக்லண்ட் பெயரும் இதில் அடிபடுகிறதே?

2018 நோபல் அவருக்குச் சிர்ப் துடிப்புப் பெருக்கத்துக்காகக் கிடைத்தது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் அவர் குழு நெடுநாளாகச் செய்துவருவது பல்நிற ராமன் ஒளி உருவாக்கம். இரு நிறத் துடிப்புகளையும் ஒரே அளவில் சிர்ப் செய்து சல்ஃபர் ஹெக்ஸாஃபுளூரைடு போன்ற வாயுவில் அனுப்புவார்கள். ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் நிறம் நேரத்தோடு ஒரே வேகத்தில் மாறுவதால், இரண்டுக்கும் இடையிலான தாமதத்தை நகர்த்தினாலே கணநேர அதிர்வெண் வேறுபாடு மாறிவிடும். லேசரைத் தொடாமல் ஒத்திசைவை இப்படியும் அப்படியும் நகர்த்தலாம். மிக நேர்த்தியான வழி.

அவர்கள் கண்ட விசித்திரம் ஒன்று: எதிர்-ஸ்டோக்ஸ் கோடுகள் ஒவ்வொன்றுக்கும் சிவப்புப் பக்கத்தில் ஒரு தோள் முளைத்தது. வலுவான புலத்தில் மூலக்கூறின் ஆற்றல் நிலைகளே இடம் பெயர்ந்து பிரிவதால் இது வரலாம் என்பது அவர்கள் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று.

சுழற்சி ராமனில் ‘மீளெழுச்சி’ என்பது என்ன?

குறுகிய துடிப்பு ஒன்று நைட்ரஜன் மூலக்கூறுகளைத் தட்டும்போது அவை புலத்தின் திசைக்குத் திரும்ப முயல்கின்றன. துடிப்பு போன பிறகு ஒவ்வொன்றும் தன் வேகத்தில் சுழல்வதால் அந்த ஒழுங்கு கலைந்துவிடும். ஆனால் குவாண்டம் விதிப்படி சுழற்சி வேகங்கள் தொடர்ச்சியாக இல்லை, படிப்படியாக ஒழுங்கான இடைவெளியில் இருக்கின்றன. அதனால் 8.4 பிக்கோவினாடி கழித்து எல்லாம் மீண்டும் ஒரே திசையில் வந்து நிற்கும். ஆக்சிஜனுக்கு இது 11.6 பிக்கோவினாடி, கார்பன் டை ஆக்சைடுக்கு 42.7.

இதற்கு நடுவே பாதி நேரத்திலும் கால் நேரத்திலும் எழுச்சிகள் வரும். கால் நேர எழுச்சியின் அளவைத் தீர்மானிப்பது அணுக்கருவின் சுழல். நைட்ரஜனில் இரட்டைப்படை, ஒற்றைப்படைச் சுழற்சி நிலைகள் 2:1 விகிதத்தில் இருக்கின்றன. ஆக்சிஜனில் ஒற்றைப்படை நிலைகள் மட்டுமே. ஆகவே ஆக்சிஜனின் கால் நேர எழுச்சி வலுவாகவும், நைட்ரஜனுடையது சிறிதாகவும் தெரியும். சாதாரணக் காற்றில் ஒரு துடிப்பை அனுப்பி இன்னொன்றால் அளந்தால், இரண்டு வாயுக்களின் எழுச்சிகளும் ஒரே வரைபடத்தில் தனித்தனியாக எழுந்து நிற்கும். அணுக்கருவின் சுழலைக் காற்றின் ஒளிவிலகலில் படிக்க முடிகிறது என்பது இன்றும் எனக்கு வியப்புதான்.

மந்த வாயுக்களில் இது வருமா?

வராது. ஹீலியமும் ஆர்கானும் தனி அணுக்கள், அதிரப் பிணைப்பும் இல்லை, சுழற்சி ராமனும் இல்லை. ராமன் வேண்டாத இடங்களில் அவற்றைப் பயன்படுத்துவது அதனால்தான்.

ராமன் வேண்டாத இடம் என்றும் உண்டா?

உண்டு. பெரிய லேசர் ஒன்று காற்றில் பல பத்து மீட்டர் போனால், நைட்ரஜனின் சுழற்சி ராமன் அதன் ஆற்றலைத் திருடிக் கற்றையைச் சிதைத்துவிடும். அமெரிக்காவின் லிவர்மோரில் நோவா லேசரை வைத்து 1980-களில் இதை ஆராய்ந்தார்கள். அங்கேயே பின்னர் கட்டிய நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டியில் இலக்கு அறைக்குப் போகும் குழாய்களில் ஆர்கான் நிரப்பியிருப்பதற்கு இதுதான் காரணம். சிறிய அளவிலும் இதே பிரச்சினை வரும். 2003-இல் கார்னெல் குழு உள்ளீடற்ற (நடுவே துளையுள்ள) இழையில் மெகாவாட் திறன் சாலிட்டான்களை, அதாவது வடிவம் குலையாமல் செல்லும் துடிப்புகளை, அனுப்பியபோது, இழைக்குள் காற்று இருந்தால் துடிப்பு சிவப்புக்கு நழுவிக்கொண்டே போனது. செனான் நிரப்பியதும் நழுவல் நின்றது.

உள்ளீடற்ற இழை என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது?

கற்றையைக் குவித்தால் வலு கூடும், ஆனால் குவிந்த இடத்தைத் தாண்டியதும் விரிந்துவிடும். இந்தச் சிக்கலை இழை தீர்த்தது. சில பத்து மைக்ரோமீட்டர் துளைக்குள் ஒளியும் வாயுவும் மீட்டர் கணக்கில் சேர்ந்தே இருக்கும். 2002-இல் பாத் பல்கலைக்கழகத்தில் பெனபித், ஃபிலிப் ரஸ்ஸல் முதலியோர் ஹைட்ரஜன் நிரப்பிய ஒளிப்படிக இழையில் ராமன் தொடக்க ஆற்றலை முன்பிருந்ததைவிட நூறு மடங்கு அளவுக்குக் குறைத்துக் காட்டினார்கள். பின்னர் ஜெர்மனியின் எர்லாங்கனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில், ஹைட்ரஜன் இழையில் ஃபெம்டோவினாடித் துடிப்பை அனுப்பி 124 நானோமீட்டரிலிருந்து 1200 நானோமீட்டருக்கும் மேல் தொடர்ச்சியான நிறமாலையை உருவாக்கினார்கள். 2015-இல் வெளியானது அது.

இட்டர்பியம் லேசர்களுக்கு மூலக்கூறு வாயு ஏன் திடீரென்று பிடித்துப்போனது?

டைட்டானியம் சஃபையர் லேசர் தானாகவே சில பத்து ஃபெம்டோவினாடித் துடிப்புகளைத் தரும். ஆலைகளில் புழங்கும் இட்டர்பியம் லேசர் மலிவு, உறுதி, சராசரித் திறன் அதிகம், ஆனால் துடிப்பு 200, 300 ஃபெம்டோவினாடி. அதைச் சுருக்க வழக்கமாக மந்த வாயு இழையைப் பயன்படுத்துவார்கள். நீண்ட துடிப்புக்கு உச்சத் திறன் குறைவென்பதால் கெர் விளைவு மட்டும் போதவில்லை. அப்போது மூலக்கூறுகளின் மெதுவான திரும்பல் கைகொடுக்கிறது. சுமார் 100 ஃபெம்டோவினாடிக்கு மேல் போனால், நைட்ரஜனில் எலக்ட்ரான்களின் பங்கைவிடச் சுழற்சியின் பங்கே பெரிது.

2020-இல் இரண்டு குழுக்கள் இதைத் தெளிவாகக் காட்டின. கனடாவின் ஐ.என்.ஆர்.எஸ். நிறுவனம் நீண்ட இழையில் நைட்ரஜனைப் பயன்படுத்தியது. மத்திய புளோரிடா பல்கலைக்கழகக் குழு நைட்ரஸ் ஆக்சைடை நிரப்பி, 280 ஃபெம்டோவினாடித் துடிப்பின் நிறமாலையை, அதன் மேல்முனை அதிர்வெண் கீழ்முனையைப் போல நான்கு மடங்குக்கும் மேல் இருக்குமாறு விரித்து, ஓரிரு அலைச் சுழற்சிகளே கொண்ட துடிப்பாகச் சுருக்கியது. அட்டோவினாடி (ஃபெம்டோவினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆய்வுக்கு விலை உயர்ந்த லேசர்தான் வேண்டும் என்ற நிலை இதனால் தளரும் என்று நம்புகிறேன். சிறிய ஆய்வகங்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆய்வகத்தில் கண்ணால் எதைப் பார்க்க முடியும்?

தொடங்குபவர்களுக்கு 532 நானோமீட்டர் லேசரும் ஹைட்ரஜன் கலமும் போதும். கலத்தின் பின்னால் வெள்ளை அட்டையைப் பிடித்து ஆற்றலை மெல்ல ஏற்றுங்கள். முதலில் பச்சைப் புள்ளி மட்டும். வரம்பைத் தாண்டியதும் 683 நானோமீட்டரில் ஆழ்ந்த சிவப்பு, பிறகு 436-இல் நீல-ஊதா. அடுத்த எதிர்-ஸ்டோக்ஸ் 369-இல், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வெளுப்பூட்டி கலந்த வெள்ளைத்தாளில் பட்டால் தாள் நீலமாக ஒளிரும். கற்றையை இறுகக் குவித்தால் நீலம் நடுவில் வராமல் வளையமாக வரும். ஒளிக்கற்றைகள் சற்றே கோணத்தில் சாய்ந்தால்தான் கட்டங்கள் பொருந்துகின்றன என்பதன் நேரடிக் காட்சி அந்த வளையம். அழுத்தத்தை மாற்றினால் வளையத்தின் அளவும் மாறும்.

வட்ட முனைவாக்கத்துக்கு மாற்றிப் பாருங்கள். கால் அலைத் தட்டைத் திருப்பியதும் சுழற்சி ராமன் தலைதூக்கும். பெரிய இடைவெளியில் நின்ற கோடுகளுக்கு இடையே 587 செ.மீ⁻¹ இடைவெளியில் நெருக்கமான கோடுகள் வரிசையாக நிரம்பும். கண்ணாடிப் பட்டகம் வழியாக அட்டையில் விரித்தால் மிக அழகாக இருக்கும்.

ஆபத்து?

ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்தால் தீப்பற்றும். அழுத்தக் கலத்தின் கண்ணாடிச் சாளரம் எவ்வளவு தாங்கும் என்று தெரியாமல் வாயுவை ஏற்றக் கூடாது. சல்ஃபர் ஹெக்ஸாஃபுளூரைடு எரியாது, நச்சும் அல்ல, ஆனால் கார்பன் டை ஆக்சைடைவிட 20,000 மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கும் வாயு. வெளியே திறந்துவிடாமல் மீட்டு வையுங்கள். கண்ணுக்கு வருவோம். 800 நானோமீட்டர் மங்கலான சிவப்பாகத் தெரிவதை நம்பி அது பலவீனமானது என்று எண்ணிவிடக் கூடாது. ராமன் சோதனையில் புது நிறங்கள் பிறந்துகொண்டே இருப்பதால், லேசரின் நிறத்துக்காக வாங்கிய காப்புக் கண்ணாடி அவற்றைத் தடுக்காமல் போகலாம். பிறக்கக்கூடிய எல்லாக் கோடுகளையும் முன்கூட்டியே கணக்கிட்டுக் கண்ணாடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒளி இழந்த ஆற்றல் எங்கே போகிறது?

வாயுவுக்குள். 532-லிருந்து 683-க்கு மாறும் ஒவ்வொரு ஃபோட்டானும் தன் ஆற்றலில் 22 சதவீதத்தை மூலக்கூறின் அதிர்வாக விட்டுவிட்டுப் போகிறது. ஃபோட்டான்களின் எண்ணிக்கை குறைவதில்லை, ஒவ்வொன்றின் ஆற்றல்தான் குறைகிறது. வினாடிக்குப் பத்துத் துடிப்பு என்றால் வாயு இடையில் ஆறிவிடும். ஆயிரக்கணக்கில் போனால் கற்றையின் பாதையில் வாயு சூடாகி, அடர்த்தி குறைந்து, லென்ஸ் போலக் கற்றையைச் சிதைக்கும். விசிறி வைத்து வாயுவை ஓட்டுவது பழைய தீர்வு. மூலக்கூறு வாயு நிரப்பிய இழைகளை உயர் சராசரித் திறனுக்குக் கொண்டுபோவதில் இன்றும் முதல் தடை இந்தச் சூடுதான்.

நிறங்களை உருவாக்குவதைத் தவிர வேறு பயன் உண்டா?

நெருப்பின் வெப்பநிலையை அளப்பது. இரண்டு நிறங்களால் நைட்ரஜன் மூலக்கூறுகளை ஒரே தாளத்தில் ஆட்டி, மூன்றாவது கற்றையை அதன் மேல் அனுப்பினால், லேசர் போலவே ஒரு திசையில் எதிர்-ஸ்டோக்ஸ் ஒளி வரும். ஒத்திசைந்த எதிர்-ஸ்டோக்ஸ் ராமன் சிதறல் என்ற இதைக் கார்ஸ் (CARS) என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வெப்பம் கூடும்போது மூலக்கூறுகள் உயர்ந்த அதிர்வு, சுழற்சி நிலைகளுக்குப் பரவுவதால், அந்த ஒளியின் நிறமாலை வடிவமே வெப்பநிலையைச் சொல்லிவிடும். எஞ்சின் உள்ளே, ஜெட் எரியறைக்குள் எதையும் நுழைக்காமல் அளக்கலாம்.

இங்கே ஃபெம்டோவினாடி கொண்டுவந்த நன்மை பெரியது. நானோவினாடி லேசரால் அளக்கும்போது, துடிப்பு முடிவதற்குள் மூலக்கூறுகள் பலமுறை மோதிவிடும். அந்த மோதல்கள் கோடுகளின் வடிவத்தை மாற்றுவதால், ஒவ்வொரு வாயுக் கலவைக்கும் மோதல் விவரங்களைத் தெரிந்து திருத்த வேண்டும். ஃபெம்டோவினாடித் துடிப்பால் தட்டி, சில பிக்கோவினாடிக்குள் அளந்து முடித்துவிட்டால், முதல் மோதல் நடப்பதற்கு முன்பே விடை கையில் இருக்கும். வினாடிக்கு ஆயிரம் முறை அளக்க முடிவதால் சுடர் துடிப்பதையும் பின்தொடரலாம்.